என் கையில எரியாத லைட்டு

அண்ணாச்சி, கொஞ்சம் இந்தப் பக்கம் மாறி உக்காந்துக்கிடுவீகளா? ஜன்னலோரம் எனக்கு வேணும். காத்துக்கு இல்ல. எதுத்தாப்புல வார வண்டியப் பாக்கணும். வெள்ளையா எது வந்தாலும் கண்ணு அங்க போயிருது, ரெண்டு வாரமா இதே பழக்கமாப் போச்சு. சங்கரன்கோவில் வரைக்கும்தான். நீங்களும் அங்கதானா? நல்லதாப் போச்சு.

மணி என்ன ஆகுது? ஒம்போதே காலா? இவன் இன்னும் கோவில்பட்டிய விட்டே வெளிய வரல பாருங்க.

நான் பஸ்ல போற ஆளு கிடையாது, அண்ணாச்சி. சொந்தமாக் கார் இருக்கு. ஏழு வருஷத்து வண்டி, ஒரு கீறல் காட்ட முடியாது. அந்தக் காரப் பாக்கத்தான் இப்ப பஸ்ல போறேன். சிரிக்கீக. சிரிங்க, எனக்கே சிரிப்பாத்தான் இருக்கு. கார் என் கொழுந்தியா வீட்டுல நிக்குது. என் வீட்டுக்காரியும் அங்கதான் இருக்கா.

கோவிச்சுக்கிட்டெல்லாம் போகல. அப்படி நெனச்சிராதீக. தெருவுல நாலு பேரு அப்படித்தான் பேசுதான், பேசிட்டுப் போறான். பரீட்சை நேரம், அதான். அவ ஹெட்மாஸ்டரு. சந்திரகலா டீச்சர்னு கேட்டா அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். போன ஜூன்லதான் பதவி உயர்வு குடுத்து, சங்கரன்கோவிலுக்கும் அந்தால ஒரு ஊருல கொண்டு போட்டாக. காலையில எட்டு பத்துக்கு ஒரு டவுன் பஸ், அத விட்டா பதினொண்ணுக்குத்தான். அதனால கார்ல போய்ட்டு வந்துக்கிட்டிருந்தா. கொழுந்தியா செண்பகம் வீடு சங்கரன்கோவில்ல இருக்கு, பரீட்சை முடியிற வரைக்கும் அங்க தங்கிக்கிடுதேன்னு போயிருக்கா. இதுல கோவம் எங்க இருக்கு?

நான் ரிட்டயர்டு. ஆறுமுகநயினார்னு பேரு. ரயில்வேல சிக்னல் பாத்தேன், முப்பத்திநாலு வருஷம். ரிட்டயர்டு ஆன மறுநாள்ல இருந்து டீச்சர் வீட்டுக்காரர் ஆயிட்டேன். பால்காரன்கூட அப்படித்தான் கூப்பிடுதான். அத விடுங்க.

கார் ஓட்ட அவளுக்கு நாந்தான் கத்துக் குடுத்தேன். ரெண்டு நாளு. மூணாம் நாளு அவளாப் போயி டிரைவிங் ஸ்கூல்ல சேந்துக்கிட்டா. என்ன அவசரமோ. நான் என்ன, கிளட்ச்ச மிதின்னா மிதிக்கணும், விடுன்னா விடணும்னு சொன்னேன், கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருப்பேன். அம்பத்தோரு வயசுல லைசென்ஸ் எடுத்தா. எடுத்த வேகத்துல எண்பதுல போறா, அண்ணாச்சி! பொம்பளை எண்பதுல போறா. நான் நாப்பத தாண்டுனது கிடையாது. டாப் கியரப் போட்டு நாப்பதுல உருட்டிக்கிட்டே போனா மைலேஜ் கொட்டும். இறக்கம் வந்தா நியூட்ரல். வண்டி வாங்குனதுல இருந்து அப்படித்தான் வச்சிருந்தேன், பிள்ளையப் பாத்த மாதிரி.

அந்த வண்டியிலதான் லைட்டு வந்துச்சு.

எந்த லைட்டுன்னா, முன்னாடி முள்ளு ஆடும்லா, அதுக்குப் பக்கத்துல மஞ்சளா ஒண்ணு. பம்புசெட்ட வரைஞ்ச மாதிரி இருக்கும். எஞ்சின்ல கோளாறு, பாருன்னு அர்த்தம். போன ஆகஸ்ட்ல ஒரு நாளு பள்ளிக்கூடத்துல இருந்து போன் பண்ணுதா. "என்னங்க, மஞ்சளா ஒரு லைட்டு எரியுது"ங்கா. நான் கேட்டேன், "நீ என்ன செஞ்ச?"ன்னு. நியாயமான கேள்விதான அண்ணாச்சி? நேத்து வரைக்கும் எரியாத லைட்டு இன்னைக்கு எரியுதுன்னா, என்ன செஞ்சன்னுதான கேப்போம்? அதுக்கு அவ, "ஒண்ணும் செய்யல, ஓட்டுனேன்"னு வச்சிட்டா.

சாயந்திரம் வண்டி வந்துச்சு. லைட்டு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் பானட்டத் திறந்து, பேட்டரி வயரக் கழட்டி, பத்து நிமிஷம் விட்டு மாட்டுனேன். லைட்டு போச்சு! டிவி பெட்டி மக்கர் பண்ணுனா ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ண மாட்டோமா, அதே வைத்தியந்தான். மறுநாளு நான் மார்க்கெட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். எரியல. செண்பகவல்லி அம்மன் கோயிலுக்குப் போனேன். எரியல. திங்கக்கிழமை அவ எடுத்துட்டுப் போறா, எரியுது! சில நாளு எரியும், சில நாளு எரியாது. ஆனா எரியுற நாளெல்லாம் அவ கையிலதான்.

நான் சும்மா வாயில சொல்லுத ஆளு இல்ல. நோட்டுப் போட்டு எழுதுனேன். இந்தாங்க, பையிலதான் இருக்கு, பாருங்க. தேதி, ஓட்டுனது யாரு, எரிஞ்சுதா இல்லையா. பன்னெண்டு தடவை எரிஞ்சிருக்கு. பன்னெண்டும் அவ. எனக்கு நேரா பாருங்க, ஒண்ணு கிடையாது. இந்த நோட்ட அவகிட்டயும் காட்டுனேன். கண்ணாடியப் போட்டு முழுசும் படிச்சா. படிச்சிட்டு, கணக்கு டீச்சர்லா, "நீங்க எத்தனை கிலோமீட்டர் ஓட்டுனீங்கன்னு ஒரு கட்டம் போடலையே"ன்னா. மார்க்கெட்டு இருக்கது ரெண்டு கிலோமீட்டர். இதுல என்ன கட்டம் போட?

அது நம்ம வண்டியா? இல்ல, டாக்ஸி. மஞ்ச போர்டு.

மெக்கானிக்கிட்ட காட்டலையான்னு கேப்பீக. காட்டாம இருப்பேனா? ஞானதுரைன்னு நம்ம ஆளு, புதுரோட்டுல ஷெட்டு. மூணு தடவை கொண்டு போனேன். ஒவ்வொரு தடவையும் வயரக் கழட்டி, லைட்ட அணைச்சு, நல்லாத் தொடச்சுத்தான் கொண்டு போனேன். ஆஸ்பத்திரிக்குப் போறப்ப குளிச்சு, சட்டை மாத்திட்டுத்தான போவோம்? அதே மாதிரி. அவன் ஒரு மிஷின மாட்டிப் பாத்துட்டு, "அண்ணாச்சி, இதுல ஒரு கோளாறும் பதியலையே"ன்னான். மூணு தடவையும் அதே பதிலு. "லைட்டு எரியும்போது அப்படியே கொண்டாங்க"ன்னான். அப்புறம் என்னைய ஒரு மாதிரியாப் பாத்து, "பேட்டரி வயர் எதும் கழட்டுனீகளா? கழட்டுனா பதிஞ்சதெல்லாம் அழிஞ்சிரும்"ன்னு கேட்டான். எனக்குச் சுருக்குன்னு ஆயிட்டு. முப்பத்திநாலு வருஷம் கரண்டுல கெடந்தவனப் பாத்து, வயர்ல கை வச்சியான்னு கேக்கான். "இல்ல"ன்னு சொல்லிட்டேன். அவனுக்கு எதுக்கு அதெல்லாம்?

மிஷினே சொல்லிட்டு, வண்டியில ஒண்ணும் இல்லன்னு. அப்ப கோளாறு எங்க இருக்கு? நீங்களே சொல்லுங்க.

நானும் ஒரு நாளு அவகூட உக்காந்து போய்ப் பாத்தேன். எண்பதுல போறா, ரோட்டுல மரம் எல்லாம் பின்னாடி ஓடுது, என் கால் தன்னால பிரேக்க மிதிக்குது, அங்க பிரேக்கே கிடையாது. கழுகுமலை தாண்டி கொஞ்ச தூரம், எஞ்சின் லேசா ஒரு வெட்டு வெட்டுச்சு, லைட்டு வந்துட்டு. என் கண்ணு முன்னால! "பாத்தியா?"ன்னேன். அவ அமைதியா ஓரம் கட்டி, எறங்கி, சாவிய நீட்டுதா. "இந்தாங்க, நீங்க இதே வேகத்துல ஓட்டுங்க, எரியுதா இல்லையான்னு பாத்துருவோம்"ங்கா. எனக்கு எதுக்கு அந்த வேகம்? நான் என்ன ஆம்புலன்ஸா ஓட்டுதேன்? மாட்டேன்னுட்டேன். அவ திரும்ப ஏறி உக்காந்துட்டா.

சிக்னல்ல இருந்தவனுக்கு லைட்டுன்னா என்னன்னு தெரியும், அண்ணாச்சி. செவப்பு விழுந்தா ரயிலு நிக்கணும். அது சும்மா விழுந்துச்சா, காரணமா விழுந்துச்சாங்கது பெறவு. ஒரு ஸ்டேஷன்ல எங்கிட்ட ஒரு ஹெல்ப்பர் இருந்தான், பேரு வேண்டாம். மழைக்காலத்துல சும்மா சும்மா செவப்பு விழுதுன்னு, ஒரு வயர ஒட்டுப் போட்டு பச்சைய வரவழைச்சுட்டான். நாந்தான் மேல எழுதிப் போட்டேன். சஸ்பெண்டு ஆயிட்டான். பொண்டாட்டி பிள்ளையோட வந்து கால்ல விழுந்தான், நான் அசையல. அபாயம்னு காட்டுத லைட்ட அணைக்கிறவன் கொலைகாரன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொன்னேன்.

என்ன சொல்லுதீக? நான் பேட்டரி வயரக் கழட்டுனதா? அது வேற, இது வேற. அது ரயிலு. ஆயிரம் பேரு போறான். இது நம்ம வீட்டு வண்டி. நீங்க ஒரு மாதிரி கேள்வி கேக்கீக.

தண்ணி குடிச்சுக்கிடுதேன். இவன் ஏன் இப்படி உருட்டுதான்? சைக்கிள் தாண்டிப் போகுது பாருங்க.

பெப்ரவரியிலதான் கொஞ்சம் மனவருத்தம் ஆயிட்டு. அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல ஆண்டுவிழா. காலையில பட்டுச்சேலை எல்லாம் கட்டி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தலையில வைக்க ஒரு கூடை பூ வாங்கிப் பின் சீட்டுல வச்சுக்கிட்டுப் போனா. வழியில லைட்டு வந்துட்டு. போன் பண்ணுதா. "எரியுது, ஆனா வண்டி ஓடுது, நான் போயிரவா?"ங்கா. ஒரு அடி நகரக் கூடாது, அங்கயே நில்லு, நான் வாரேன்னு சொன்னேன். நின்னா. பஸ் பிடிச்சு நான் போய்ச் சேர ஒண்ணரை மணி நேரம் ஆயிட்டு. வெயிலு. பக்கத்துல ஒரு மரம் கிடையாது. நான் போறப்ப பூ எல்லாம் வாடிப் போய்க் கெடக்கு, இவ ரோட்டோரத்துல சேலைத் தலைப்பத் தலையில போட்டுக்கிட்டு நிக்கா. பாத்ததும் எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா வாயில என்ன வந்துச்சு? "நோட்டுல பன்னெண்டுன்னு எழுதணும்"னு வந்துட்டு.

அவ அப்படியே பின்னாடி வந்த மினி லாரியக் கை காட்டி நிப்பாட்டி, பூக்கூடையோட ஏறிப் போயிட்டா. போய்ச் சேரும்போது விழா முடிஞ்சு நாற்காலிய அடுக்கிக்கிட்டிருந்தாகளாம். ஹெட்மாஸ்டரா அவளுக்கு அது மொத ஆண்டுவிழா. சரி, ஆண்டுவிழா வருஷா வருஷம் வரும். எஞ்சின் போனா வருமா?

நான் வயரக் கழட்டி மாட்டி, நாப்பதுல உருட்டிக்கிட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன். எரியல. அன்னைக்கு ராத்திரி அவ வந்ததும், சாவிக்கொத்த வாங்கி வச்சுக்கிட்டேன். இனிமே நீ இதுல கை வைக்க வேண்டாம், உன் கைக்கு ஆகலன்னு சொன்னேன். கத்துவான்னு பாத்தேன். கத்துனா நானும் பதிலு சொல்லியிருப்பேன். மறுநாளு அஞ்சே முக்கால் பஸ்ஸுக்குக் கெளம்பிட்டா. மூணு வாரம் அப்படியே போனா. விடிய முன்ன போவா, இருட்டி வருவா, சோறு போடுவா. "உப்பு இருக்கா?" "இருக்கு." அவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்குள்ள வேற ஆளு இல்ல, பிள்ளையும் இல்ல எங்களுக்கு. அந்தக் காரு வாசல்ல நிக்குது, நான் தினமும் தொடைக்கேன், எங்கயும் போகல.

ரெண்டு வாரத்துக்கு முன்ன, ஒரு வெள்ளிக்கிழமை காலையில எந்திச்சுப் பாக்கேன், காரக் காணோம். பீரோவுல கார் சாவி இன்னொண்ணு இருந்தது எனக்கு மறந்தே போச்சு. பிரிட்ஜுல ஒரு சீட்டு ஒட்டியிருக்கு. "பரீட்சை முடியிற வரைக்கும் செண்பகம் வீட்டுல இருக்கேன். மாவு உள்ள இருக்கு." மாவு இருக்காம். தோசை நல்லாத்தான் சுட்டேன். மொத நாளு வட்டமா வரல.

அந்த ஞாயித்துக்கிழமை போன் பண்ணுனா. அங்க போன மறுநாளே லைட்டு வந்துச்சாம், இவ அணைக்காம கொள்ளாம, எரியுற லைட்டோட நேரா அந்த ஊரு மெக்கானிக்கிட்ட ஓட்டிட்டுப் போயிட்டா. அவன் மிஷின மாட்டுன உடனே சொல்லிட்டானாம். எஞ்சினுக்குப் பொறி போடுத பிளக்கு பூரா கரி அப்பிக் கெடந்துச்சாம். பெரிய கியர்ல போட்டு மெதுவாவே உருட்டி உருட்டி கரி பிடிச்சிருக்கு, வேகமாப் போறப்ப பொறி சரியா விழல, அதான் லைட்டுன்னானாம். நாலு பிளக்கும் மாத்திப் போட்டிருக்கான். "இந்த வண்டிய வீட்டுல யாராச்சும் மெதுவாவே ஓட்டுவாங்களா டீச்சர்"னு கேட்டானாம். எவனோ ஒருத்தன், அண்ணாச்சி. ஞானதுரைக்குத் தெரியாததா அவனுக்குத் தெரிஞ்சிட்டு?

நீ என்ன சொன்னன்னு கேட்டேன். "ஒண்ணும் சொல்லல"ன்னா. அதுதான் எனக்குத் தாங்கல. என்னையக் காட்டிக் குடுத்திருக்கலாம்லா? "இவர்தான்"னு சொல்லியிருக்கலாம்லா? வெளியாள்கிட்ட விட்டுக் குடுக்காம இருந்திருக்கா. அதுல இருந்து லைட்டு எரியலையாம். நான் நம்பல. நானே போய் உக்காந்து பாத்தாத்தான் நம்புவேன். அதுக்குத்தான் போறேன். காரச் சோதிக்கத்தான்.

பையில என்னவா? கடலைமிட்டாய். கொழுந்தியா வீட்டுக்கு வெறுங்கையோடயா போக முடியும்? கருப்பட்டியில செஞ்சது. செண்பகத்துக்கு கருப்பட்டி பிடிக்காது, இவளுக்குத்தான் பிடிக்கும். அதுக்கு என்ன செய்ய, கடையில அதுதான் இருந்துச்சு.

சரி, உங்ககிட்ட சொன்னா என்ன. முந்தாநாளு போன்ல இன்னொண்ணும் சொன்னா. "இங்கயே ஒரு வீடு இருக்கு, ஜூன்ல இருந்து வாடகைக்கு எடுத்துக்கலாமான்னு பாக்கேன்"னா. எடுத்துக்கலாமான்னு சொன்னாளே தவிர, நமக்கா, அவளுக்கு மட்டுமான்னு சொல்லல. நானும் கேக்கல. "சரி, வச்சிருதேன்"னு வச்சிட்டேன். ரெண்டு நாளா உக்காந்தா நிக்கணும்போல இருக்கு, நின்னா நடக்கணும்போல இருக்கு. ஒரு வீட்டுல ரெண்டு பேரா இருந்து பழகிட்டு, ஒத்த டம்ளர் காப்பியப் போட்டு அந்த டம்ளரையே பாத்துக்கிட்டு இருக்கது கஷ்டம், அண்ணாச்சி. ஆனா அவளும் ஒரு தடவை வந்திருக்கலாம்லா? ரெண்டு வாரம். கார் கையில இருக்கு, நாப்பது கிலோமீட்டர், எண்பதுல போறவளுக்கு அரை மணி நேரம். ஒரு எட்டு வந்து எட்டிப் பாக்கல. நான் வீட்டுலயேதான் இருக்கேன். போன ஞாயித்துக்கிழமை மட்டும் ஞானதுரை ஷெட்டுக்குப் போயிருந்தேன். இவ சொன்ன கரிக் கதை உண்டா இல்லையான்னு அவன்கிட்ட ஒரு நாளு பூரா வாதாடிக்கிட்டு இருந்தேன்.

கழுகுமலை தாண்டிட்டா? எப்ப தாண்டுச்சு?

இருங்க, போனு. அவதான்.

ஆங், சொல்லு. லைட்டு எரியுதா? இல்ல, சும்மா கேட்டேன். எங்க நிக்க? எந்த வாசல்? நம்ம வாசலா? எப்ப வந்த? நான் இங்க, பஸ்ல. சங்கரன்கோவிலுக்கு. உன்னையப் பாக்கத்தான். ஏ, கேக்குதா? போன வாரமுமா? எவ்வளவு நேரம்? எனக்கு ஏன் போன் பண்ணல? சரி. சரி. எத்தனை மணிக்குள்ள? நீ அங்கயே இரு. இருப்பியா? அலோ?

வச்சிட்டா.

கோவில்பட்டியில இருக்காளாம். எங்க வீட்டு வாசல்ல. பூட்டியிருக்குங்கா. காலையில ஒம்போதரைக்குக் கெளம்பியிருக்கா. அப்ப இந்த ரோட்டுலதான் எதுத்தாப்புல போயிருக்கா, அண்ணாச்சி, என்னைய தாண்டி. வெள்ளை வண்டிய எல்லாம் பாத்துக்கிட்டு வந்தேன், அவ வண்டிய விட்டுட்டேன். உங்ககிட்ட அவளப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன்லா.

போன ஞாயித்துக்கிழமையும் வந்தாளாம். ஒரு மணி நேரம் வாசல்ல உக்காந்துட்டுப் போயிட்டாளாம். பக்கத்து வீட்டுல கேட்டதுக்கு, ஷெட்டுக்குப் போயிருக்காரு, உங்க வண்டியப் பத்திப் பேசன்னு சொல்லியிருக்கான். வாடகை வீட்டுக்கு இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள பதிலு சொல்லணுமாம். அதுக்கு முன்ன என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாம்னு வந்தாளாம். கேட்டுக்கிடலாம்னு வந்திருக்கா, அண்ணாச்சி. வேண்டாம், வீட்டுக்கு வான்னு போன்லயே சொல்லியிருக்கலாம். எனக்கு மொதல்ல வாயில வந்தது லைட்டுதான்.

அவகிட்ட வீட்டுச் சாவி கிடையாது. நான் வாங்கி வச்ச கொத்துலதான் அதுவும் கெடந்துச்சு. கார் சாவிய வாங்குனதாத்தான் நெனச்சேன். இந்தா, சட்டைப் பையில இருக்கு, பாருங்க. வீட்டுச் சாவி ரெண்டும் என்கிட்டதான்.

காலக் கொஞ்சம் ஒதுக்குங்க. கண்டக்டர் தம்பி, விசில அடிங்க, நான் எறங்கணும்! ஸ்டாப்பு இல்லன்னா பரவால்ல. அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் முடியாது, தம்பி, நிறுத்தச் சொல்லுங்க. எதுத்தாப்புல லாரி வந்தாலும் ஏறிப் போயிருவேன். எங்க வீட்டுக்காரிய அவ வீட்டு வாசல்லயே வெளிய நிக்க வச்சிட்டு வந்துட்டேன்.